வாயில் வருவது தாளில் வரவில்லை: நான்காம் வகுப்பு மகனின் கையெழுத்துச் சிக்கல்

திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு தாயின் கடிதம் இது. அவருடைய 9 வயது மகன் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறான். நீர் எப்படி ஆவியாகி மேகமாகி மழையாகப் பெய்கிறது என்று கேட்டால் தடையில்லாமல் சொல்கிறவன், அதையே தேர்வில் இரண்டு வரிக்கு மேல் எழுதுவதில்லை. எழுதியதும் படிக்கும்படி இல்லை. கரும்பலகையில் உள்ளதை முழுதாக எழுதி முடிப்பதற்குள் ஆசிரியர் அழித்துவிடுகிறார். வீட்டில் அரைப் பக்கம் எழுதினாலே “கை வலிக்குதும்மா” என்று அழுகிறான். சட்டைப் பொத்தான் போட நேரமாகிறது, ஷூ கயிறு கட்ட வரவில்லை, சாப்பிட்டால் தட்டைச் சுற்றிச் சோறு சிந்துகிறது. சிறு வயதில் எதையும் இடது கையால் எடுத்தவனைப் பாட்டி வலது கைக்குப் பழக்கியிருக்கிறார்.

சோம்பேறித்தனம் என்கிறார் தந்தை. பள்ளியில் இம்போசிஷன் கொடுத்து, இடைவேளையிலும் உட்கார்த்தி எழுத வைத்து, “அடுத்த வருஷம் வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லியிருக்கிறார்கள். 30 நாள் கையெழுத்துப் பயிற்சி வகுப்பும் பலன் தரவில்லை. அருகிலுள்ள ஒரு சிகிச்சை மையம், ஆறு மாதக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டினால் “முழுசாகக் குணமாக்கிவிடலாம்” என்கிறது. இணையத்தில் படித்துவிட்டு, இது டிஸ்கிராஃபியா எனப்படும் எழுதுவது சார்ந்த கற்றல் குறைபாடுதான் என்று தாய் முடிவுக்கு வந்திருக்கிறார். மையத்தில் சேர்க்கலாமா, கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் வாங்கினால் பையனுக்கு முத்திரை விழுந்துவிடுமா, தேர்வில் கூடுதல் நேரமும், அவன் சொல்வதை எழுதித் தருபவரும் கிடைத்துவிட்டால் அவன் முயற்சியையே விட்டுவிடமாட்டானா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய மூன்று நோட்டுப் பக்கங்களின் படங்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் முதல் வரி ஓரளவு கோட்டின் மேல் நிற்கிறது. மூன்றாவது வரியில் எழுத்து பெரிதாகிறது. ஆறாவது வரிக்கு வரும்போது கோட்டைவிட்டு மேலேறி, சொற்களுக்கு நடுவே இடைவெளி இல்லாமல் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கிறது. ஒரு பக்கத்தில் எழுதியதன் அழுத்தம் அடுத்த இரண்டு தாள்களிலும் பதிந்திருப்பதாக நீங்களே குறிப்பிட்டிருக்கிறீர்கள். சோம்பேறியின் நோட்டு இப்படி இருக்காது. சோம்பல்படும் குழந்தை குறைவாக எழுதும், விட்டுவிட்டு எழுதும். தாள் கிழியுமளவு அழுத்தி, அழித்து, மறுபடி எழுதாது. உங்கள் மகன் தேவைக்கு மேல் உழைக்கிறான். அந்த உழைப்பு முழுவதும் எழுத்தின் வடிவத்தை உருவாக்குவதிலேயே செலவாகிவிடுவதால், நீர்ச் சுழற்சியைப் பற்றி யோசிக்க அவனிடம் மிச்சம் எதுவும் இல்லை.

கையெழுத்து வகுப்பு ஏன் பலிக்கவில்லை என்பதற்கும் காரணம் இதுதான். பார்த்துப் பார்த்துக் கோலம் போடுகிறவர் கோல நோட்டிலிருந்து கண்ணை எடுத்தால் புள்ளி தப்பிவிடும். கை பழகியவரோ எதிர்வீட்டுக்காரருடன் பேசிக்கொண்டே இழுத்து முடித்துவிடுவார். அந்த வகுப்பில் உங்கள் மகன் எழுத்தைப் பார்த்து வரைந்தான். மெதுவாக வரைந்ததால் அழகாக வந்தது. தேர்வில் யோசித்துக்கொண்டே வேகமாக எழுத வேண்டியிருப்பதால், கைப்பழக்கமாக மாறாத அந்த வடிவங்கள் கலைந்துவிடுகின்றன. ஆகவே நம் இலக்கு முத்து முத்தான எழுத்து அல்ல. பிறர் படிக்கும்படியாகவும், கை நோகாமலும், வகுப்போடு ஓரளவு ஈடுகொடுத்தும் எழுதினால் போதும். இதை அவனுடைய தந்தையும் ஒப்புக்கொண்டால் பாதிச் சண்டை வீட்டிலேயே தீரும்.

டிஸ்கிராஃபியா என்று நீங்கள் முடிவு செய்திருப்பதைச் சற்றுத் தள்ளி வையுங்கள். உங்கள் ஐயம் சரியாகவே இருக்கலாம். ஆனால் எழுதத் திணறுவதற்குப் பல வழிகள் உண்டு. பார்வைக் குறை, விரல் மூட்டுகள் அளவுக்கு மீறி வளைவது, கவனக் குறைபாடு, ஒலியை எழுத்தாக்குவதில் உள்ள தடுமாற்றம், தொடக்க வகுப்புகளில் எழுத்தை எங்கே தொடங்கி எப்படி முடிப்பது என்று ஒழுங்காகக் கற்றுக்கொடுக்கப்படாதது ஆகிய எல்லாமே வெளியில் ஒரே மாதிரியான கோணல் எழுத்தாகத்தான் தெரியும். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது எழுத்தைப் பற்றிய பகுதி அல்ல. பொத்தான், ஷூ கயிறு, சிந்தும் சோறு ஆகியவைதான். எழுத்துக்கு வெளியேயும் கை தடுமாறுவதால், உடலசைவுகளை ஒருங்கிணைப்பதில் வளர்ச்சி சார்ந்த குறைபாடு இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். பள்ளி வயதுக் குழந்தைகளில் நூற்றுக்கு 5 அல்லது 6 பேருக்கு இது இருப்பதாகக் கணக்கிடப்படுகிறது. அறிவுத்திறனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. முதலில் கண் பரிசோதனை, அடுத்துக் குழந்தை நல மருத்துவர், அதன் பிறகே எங்களைப் போன்ற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்ற வரிசை நல்லது. முன்பு நன்றாக எழுதியவன் அண்மையில் திடீரென்று மோசமாகியிருந்தாலோ, கை நடுங்கினாலோ, ஒரு பக்கக் கையும் காலும் பலவீனமாகத் தெரிந்தாலோ காத்திருக்காமல் குழந்தைகள் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆக்குபேஷனல் தெரபி என்பதைத் தமிழில் ‘தொழில்வழிச் சிகிச்சை’ என்று எழுதிவிடுவதால், வேலைக்குப் போகிறவர்களுக்கானது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். 9 வயதுக் குழந்தையின் அன்றாடத் தொழில் உடுத்துவது, உண்பது, விளையாடுவது, எழுதுவது. இவற்றில் எங்கே தடை விழுகிறது என்று கண்டறிந்து, குழந்தையின் திறனை வளர்ப்பதோடு செய்யும் முறையையும் சூழலையும் மாற்றுவது எங்கள் வேலை. பெற்றோர் பெரும்பாலும் முதல் பாதியை மட்டும் எதிர்பார்த்து வருகிறார்கள்.

இடது கையைப் பற்றி

மாமியாரைக் குற்றம் சொல்லும் தொனி உங்கள் கடிதத்தில் இருக்கிறது. அவர் காலத்து வழக்கத்தை அவர் செய்தார். அதுவே இந்தச் சிக்கலுக்கு முழுக் காரணம் என்று சொல்ல முடியாது. அதே சமயம் இடக்கைக் குழந்தையை வலக்கைக்கு வற்புறுத்தி மாற்றக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. பல் துலக்குவது, பந்து எறிவது, கத்தரிக்கோல் பிடிப்பது, கேரம் காயை அடிப்பது ஆகியவற்றுக்கு அவன் யாரும் சொல்லாமல் எந்தக் கையை நீட்டுகிறான் என்று இரண்டு வாரம் குறித்து வையுங்கள். பெரும்பாலும் இடது கை என்றால் மதிப்பீட்டின்போது சொல்லுங்கள். இரு கைகளின் வேகத்தையும் துல்லியத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். நான்கைந்து ஆண்டுகள் வலது கையால் எழுதிப் பழகியவனை வீட்டிலேயே ஒரே நாளில் திரும்ப மாற்றிவிடாதீர்கள். சாப்பிடுவது வலது கையாலேயே இருக்கட்டும். அதற்கும் எழுதுவதற்கும் முடிச்சுப் போட வேண்டியதில்லை.

அந்த மையத்தில் சேர்க்கலாமா?

முன்பணம் கட்டாதீர்கள். “முழுசாகக் குணமாக்குவோம்” என்ற உறுதிமொழியே அதற்குப் போதுமான காரணம். இது காய்ச்சல் போலக் குணமாகிற நோய் அல்ல, படிப்படியாக மேம்படுகிற திறன். உங்கள் மகனுக்கு அங்கே என்ன செய்யப்போகிறார்கள் என்று கேட்டதற்கு ஊஞ்சல், பந்துக் குளம், மணி கோர்ப்பது, களிமண் பிசைவது என்று பதில் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். என் துறையைப் பற்றி நானே சொல்லத் தயங்கக் கூடாத ஒன்று இது: கையெழுத்துச் சிகிச்சைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எழுத்துப் பயிற்சியே இல்லாமல் இத்தகைய உடற்பயிற்சிகளை மட்டும் தந்த முறைகள் கையெழுத்தை மேம்படுத்தவில்லை. எழுதிப் பழகும் நேரம் உள்ள, வாரத்துக்குக் குறைந்தது இரண்டு முறையாக மொத்தம் 20 அமர்வுகளாவது நடந்த முறைகளே பலன் தந்தன. களிமண் கெடுதல் இல்லை. ஆனால் களிமண் பிசைந்தால் களிமண் பிசைய வரும். (வீட்டில் முறுக்கு அச்சைத் திருப்பச் சொன்னால் அதே வேலை காசில்லாமல் நடக்கும், முறுக்கும் கிடைக்கும்.)

எந்த மையமானாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். சிகிச்சை தருபவர் ஆக்குபேஷனல் தெரபியில் பட்டம் பெற்றவரா? தொடக்கத்தில் எதை அளந்தீர்கள், எத்தனை வாரம் கழித்து மறுபடி அளப்பீர்கள்? ஒவ்வோர் அமர்விலும் எழுத எவ்வளவு நேரம் ஒதுக்குவீர்கள்? மூன்றாவது கேள்விக்குக் கோபம் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பணம் ஒரு தடையாக இருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் விசாரியுங்கள். 18 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அங்கே கட்டணமில்லாமல் மதிப்பீடு செய்கிறார்கள். வெளியூர் போக முடிந்தால் சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனமும், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையும் உண்டு. ஒருமுறை போய் விரிவான மதிப்பீடும் வீட்டுப் பயிற்சித் திட்டமும் வாங்கி வந்து, உள்ளூரில் தொடர்வது பலருக்கு ஒத்துவருகிறது.

வீட்டில் இப்போதே தொடங்கக்கூடியவை

முதலில் ஒரு சிறு சோதனை. அவனுக்குப் பிடித்த ஏதாவது ஒன்றைப் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொல்லி உங்கள் கைபேசியில் பதிவு செய்யுங்கள். மறுநாள் அதே பொருளைப் பற்றி ஐந்து நிமிடம் எழுதச் சொல்லுங்கள். பேச்சில் எத்தனை சொற்கள், தாளில் எத்தனை சொற்கள் என்று எண்ணிப் பாருங்கள். எந்தக் குழந்தைக்கும் பேச்சு கூடுதலாகத்தான் இருக்கும்; ஆனால் உங்கள் மகனுக்கு அந்த இடைவெளி எவ்வளவு பெரிது என்பதை ஆசிரியரிடமும் தந்தையிடமும் காட்ட இதைவிட எளிய சான்று கிடையாது.

உட்காரும் விதத்தை அடுத்துச் சரிசெய்யுங்கள். கட்டிலில் குப்புறப் படுத்தோ, தரையில் குனிந்தோ எழுதினால் தோள் தளர்ந்து, அதன் பளு முழுவதும் விரல்களுக்கு இறங்கும். பாதம் தரையிலோ ஒரு பலகையிலோ ஊன்றியிருக்க வேண்டும். மடக்கிய முழங்கைக்குச் சற்று மேலே மேசை இருக்க வேண்டும். வலது கையால் எழுதுகிறவனுக்குத் தாளின் மேல்பகுதி சிறிது இடப்பக்கம் சாய்ந்திருக்கட்டும். எச்.பி. பென்சிலுக்குப் பதில் 2பி கொடுங்கள். அழுத்தாமலே கருமையாக விழும். அழுத்தத்தைக் குறைக்க நான் சொல்லித் தரும் விளையாட்டு ஒன்று உண்டு. இரண்டு தாளுக்கு நடுவே கார்பன் தாளை வைத்து, அடித் தாளில் எழுத்து விழாதபடி மேலே எழுதச் சொல்லுங்கள். முதல் நாள் தோற்றுப்போவான்; ஒரு வாரத்தில் விரல் தானாக இளகும்.

பென்சிலை மூன்று விரலால்தான் பிடிக்க வேண்டும் என்று பள்ளியில் அடித்துத் திருத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். நான்கு விரலால் பிடிப்பவர்களும், கட்டைவிரலைப் பக்கவாட்டில் வைத்துப் பிடிப்பவர்களும் மூன்று விரல்காரர்களுக்கு இணையான வேகத்தில் தெளிவாகவே எழுதுகிறார்கள். வலி இருந்தால் மட்டுமே பிடியை மாற்ற முயல வேண்டும். ஓலைச்சுவடி எழுதிய நம் முன்னோர் எழுத்தாணியை முஷ்டிக்குள் பிடித்துத்தானே எழுதினார்கள்!

எழுத்துப் பயிற்சியை ஒரு நாளைக்கு 10 நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வாரத்துக்கு ஐந்து நாள். அரிச்சுவடி வரிசையில் போகாமல் கையசைவின் வரிசையில் போங்கள். ட, ப, ம, ய போல நேர்க்கோடு மிகுந்தவை முதலில். ல, ள, ன, ண போலச் சுழி உள்ளவை பிறகு. அவனுடைய நோட்டில் மூன்று சுழி ‘ண’ பல இடங்களில் நான்கைந்து சுழியாக நீண்டிருக்கிறது: கை நிற்க வேண்டிய இடம் அதற்குத் தெரியவில்லை. “சுழி, சுழி, சுழி, இறக்கு” என்று வாயால் சொல்லிக்கொண்டே, முதலில் பெரிய சிலேட்டிலும் அதன் பிறகு அகலக் கோட்டு நோட்டிலும் எழுதட்டும். ‘கொ’, ‘போ’ போன்றவற்றில் அவன் கொம்பைப் போட்டுவிட்டுக் காலை விட்டுவிடுவதைக் கவனியுங்கள். நாவில் ‘க்’ முதலில் வருகிறது, கையோ கொம்பில் தொடங்கி, எழுத்தைத் தாண்டி, காலில் முடிக்க வேண்டியிருக்கிறது. ஒலிக்கும் வரிசையும் எழுதும் வரிசையும் இங்கே முரண்படுவதால் இவற்றைத் தனியாக எடுத்துக் கற்றுக்கொடுங்கள். நூறு முறை இம்போசிஷன் எழுதினால் தவறான அசைவு நூறு முறை உறுதிப்படும், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் கூட்டெழுத்தைக் கட்டாயப்படுத்தாமல் தனித்தனி எழுத்தாக எழுத விடும்படி ஆசிரியரிடம் கேளுங்கள்.

பள்ளியிடம் எதைக் கேட்கலாம்?

நான் வழக்கறிஞர் அல்ல. ஆனால் பெற்றோர் அறிய வேண்டிய அளவுக்குச் சொல்கிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 கற்றல் குறைபாடுகளைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது; டிஸ்கிராஃபியாவும், அசைவு ஒருங்கிணைப்புக் குறையான டிஸ்பிராக்ஸியாவும் அதில் பெயர் சொல்லியே குறிப்பிடப்படுகின்றன. இத்தகைய குறைபாடுகளைக் கூடிய விரைவில் கண்டறிந்து அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்று அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்களுக்கு அச்சட்டத்தின் 16-வது பிரிவு கடமை விதிக்கிறது. கூடுதல் நேரம், எழுதித் தருபவர், இரண்டாம் மூன்றாம் மொழிகளிலிருந்து விலக்கு ஆகியவை 17-வது பிரிவில் வருகின்றன. கல்வி உரிமைச் சட்டம், 2009-இன்படி 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தையைத் தொடக்கக் கல்வி முடியும்வரை பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது; உடல் தண்டனையும் மன உளைச்சல் தருவதும் 17-வது பிரிவின்படி தடை செய்யப்பட்டவை. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அந்தக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்பதால், உங்கள் பள்ளி எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆனால் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு முதல் நாளே வகுப்பறை வாசலில் நிற்காதீர்கள். 40 பிள்ளைகளுக்கு நடுவே நிற்கும் ஆசிரியருக்கு இதைப் பற்றி யாரும் சொல்லித் தந்திருக்கமாட்டார்கள். தலைமையாசிரியரிடம் ஒரு பக்கக் கடிதம் கொடுத்து, அதன் நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்குங்கள். மதிப்பீடு நடந்துகொண்டிருப்பதைச் சொல்லி, அதுவரை இடைவேளையைப் பறிக்க வேண்டாம், இம்போசிஷன் வேண்டாம், கரும்பலகைப் பாடத்தை நகல் எடுத்துக்கொள்ள விடுங்கள், பருவத் தேர்வில் எழுதாமல் விட்ட விடைகளை வாய்மொழியாகக் கேட்டுப் பாருங்கள் என்று மட்டும் கேளுங்கள். பள்ளி அளவிலான இந்த ஏற்பாடுகளுக்குச் சான்றிதழ் தேவையில்லை, ஆசிரியரின் மனமிருந்தால் போதும். மறுத்துக்கொண்டே இருந்தால் மாவட்டக் கல்வி அதிகாரியையும், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரையும் அணுக வழியுண்டு.

சான்றிதழும் முத்திரையும்

கற்றல் குறைபாட்டுச் சான்றிதழை அரசு மருத்துவக் குழுதான் வழங்க முடியும். நானோ அந்த மையமோ தரும் அறிக்கை அதற்கு ஈடாகாது. 8 வயது நிறைந்த பிறகே வழங்குவார்கள், 14 வயதிலும் 18 வயதிலும் மறுமதிப்பீடு உண்டு. ஆகவே உங்கள் மகன் தகுதியான வயதில்தான் இருக்கிறான், ஆனால் ஓட வேண்டிய அவசரம் எதுவும் இல்லை. பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் அரசுத் தேர்வுகள் இயக்ககம் தரும் கூடுதல் ஒரு மணி நேரம் போன்ற சலுகைகளுக்கு அது கட்டாயம் தேவைப்படும். அந்தச் சான்றிதழை யாரிடம் காட்டுவது என்பது உங்கள் விருப்பம். நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரியப் போவதில்லை. உங்கள் மகனுக்கு ஏற்கெனவே ‘சோம்பேறி’ என்ற முத்திரை குத்தப்பட்டிருக்கிறது, அதை வழங்க எந்த மருத்துவக் குழுவும் கூடவில்லை என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

உதவி கிடைத்தால் முயற்சியை விட்டுவிடுவானோ என்ற உங்கள் அச்சத்தைப் பல பெற்றோரிடம் கேட்டிருக்கிறேன். நான் கண்டவரை நடப்பது நேர்மாறு. எழுதுவதே தண்டனையாக இருக்கும்வரைதான் குழந்தை நோட்டைக் கண்டு ஓடுகிறது. அறிவியல் விடையை வாயால் சொல்லி மதிப்பெண் வாங்கிய நாளில், எழுத்துக்கான 10 நிமிடத்துக்கு அவன் முரண்டு பிடிப்பது குறையும். இரண்டையும் தனித்தனி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்: அறிவைச் சோதிக்கும் இடத்தில் கைக்கு உதவி, கையைப் பழக்கும் இடத்தில் எளிய பாடம். எழுதித் தருபவரைப் பற்றி நான்காம் வகுப்பில் யோசிக்க வேண்டியதில்லை. விடை சொல்லி எழுத வைப்பதும் பழக வேண்டிய ஒரு கலை. எட்டாம் வகுப்புக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தட்டச்சைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அடுத்த கோடை விடுமுறையில் தமிழ்99 விசைப்பலகையைப் பழக்கத் தொடங்குங்கள். அதில் ‘க’வைத் தட்டி ‘ஒ’வைத் தட்டினால் ‘கொ’ வந்துவிடும். கொம்பையும் காலையும் கணினி தானே போட்டுக்கொள்ளும். ஒலிக்கும் வரிசையிலேயே எழுதுவதால், கொம்பில் தடுமாறுகிற குழந்தைகளுக்கு இது பெரிய விடுதலை. ஆனால் அதைக் கையெழுத்துக்கு மாற்றாக இப்போதே நிறுத்திவிட வேண்டாம். கட்டுரை போன்ற நீண்ட வீட்டுப்பாடத்துக்கு மட்டும் போதும்.

மதிப்பீட்டுக்குப் போகும் நாளில் அவனுடைய வகுப்பு நோட்டு, வீட்டுப்பாட நோட்டு, தேர்வுத்தாள் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். கூச்சப்பட்டு அழித்துத் திருத்திவிட்டோ, நல்ல பக்கங்களை மட்டும் தேர்ந்தெடுத்தோ கொண்டுபோகாதீர்கள். எங்களுக்கு வேண்டியது அந்தக் கிழிந்த பக்கம்தான். முடிந்தால் அவனுடைய தந்தையும் உடன் வரட்டும்.